ஹைம்ஷ்டெட்டே: பாசலில் தேர்ந்த ஒரு சொல்லும் அதன் தமிழாக்கமும்

1917 நவம்பர் 2ஆம் தேதி பிரிட்டன் வெளியிட்ட பால்ஃபர் பிரகடனத்தைத் தமிழில் படித்தவர்கள் பெரும்பாலும் ‘பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம்’ என்றே படித்திருப்பார்கள். ஆங்கில மூலம் சொல்வது ‘தேசிய இல்லம்’. அதற்கும் பின்னால் ஒரு ஜெர்மன் சொல் இருக்கிறது: ஹைம்ஷ்டெட்டே. 1897 ஆகஸ்ட் 29 முதல் 31 வரை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய முதல் சியோனிச மாநாடு தன் திட்ட அறிக்கைக்கு அதைத் தேர்ந்துகொண்டது. அச்சொல்லைத் தமிழில் ‘தாயகம்’ ஆக்குவது அந்த மண் யாருடையது என்ற, பாலஸ்தீனச் சச்சரவின் மையமான கேள்விக்கு நாம் அறியாமலே விடை எழுதிவிடுவதாகும் என்பது என் வாதம். அகராதியைப் புரட்டித் திருத்திக்கொள்ளக்கூடிய பிழையாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

மாநாடு முதலில் மியூனிக்கில் நடப்பதாக இருந்தது. அந்நகர யூதச் சமூகமே எதிர்த்ததால் பாசலுக்கு மாறியது. தொடக்க நாளன்று பிரதிநிதிகள் கறுப்பு வால்கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்தே வரவேண்டும் என்பதில் மாநாட்டைக் கூட்டிய தியோடர் ஹெர்ஸல் பிடிவாதமாக இருந்தார். சாதாரண நீள்கோட்டில் வந்த தன் கூட்டாளி மாக்ஸ் நோர்டாவைக் கெஞ்சிக் கேட்டு உடை மாற்றி வரச் செய்தார். நாடில்லாத ஒரு மக்களின் நாடாளுமன்றம் போல அந்த மண்டபம் தோன்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆனால் உடையில் காட்டிய துணிவை எழுத்தில் காட்டவில்லை. முந்தைய ஆண்டு வெளியான அவருடைய நூலின் தலைப்பிலேயே ‘அரசு’ இருந்தது. பாசல் திட்டத்தில் அந்தச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. பாலஸ்தீனத்தை ஆண்டுகொண்டிருந்த ஒட்டோமன் சுல்தானைச் சீண்டாமலிருக்கவே சுற்றிவளைத்து ஹைம்ஷ்டெட்டே என்று வைத்ததாக, 1920இல் நோர்டாவே விளக்கினார். மன்றத்தில் சூடு பறந்தது அதன் முன்னால் நிற்கும் அடைமொழியைப் பற்றித்தான். ‘சட்டப்படி உறுதியான’ என்றால் போதுமா, ‘சர்வதேசச் சட்டப்படி’ என்று சொல்ல வேண்டாமா என்று மோதினார்கள். கடைசியில் ‘பொதுச் சட்டப்படி’ என்று சமரசமானது. மாநாடு முடிந்த சில நாளில், செப்டம்பர் 3 அன்று, பாசலில் தான் யூத அரசை நிறுவிவிட்டதாக ஹெர்ஸல் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஹைம்ஷ்டெட்டே என்பதற்கு வழக்கில் என்ன பொருள்? 1912இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் குடியியல் சட்டத்தில் ‘குடும்ப ஹைம்ஷ்டெட்டே’ என்றொரு ஏற்பாடு இருந்தது: கடன்காரர் ஜப்தி செய்ய முடியாத வீடும் நிலமும். பறிபோகாத குடியிருப்பு மனை என்று நாம் சொல்லலாம். அப்படியொரு மனைக்கு அன்றைய யூதர்கள் ஏங்கியதில் வியப்பில்லை. 1881 முதல் ரஷ்யப் பேரரசில் படுகொலைகள், 1894இல் பாரிஸில் யூத ராணுவ அதிகாரி டிரேஃபஸ் கைது. மாநாட்டுக்கு இடம் தந்த நாடும் சளைத்ததில்லை. பழைய சுவிஸ் கூட்டமைப்பில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யூதர்கள் நிலையாகக் குடியிருக்க, இன்றைய ஆர்காவ் மாநிலத்தின் எண்டிங்கன், லெங்னாவ் என்ற இரண்டு ஊர்களில்தான் அனுமதி. அங்கே ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு வாசல்களை இன்றும் பார்க்கலாம். யூதருக்கு ஒன்று, கிறிஸ்தவருக்கு ஒன்று என்பார்கள். விரும்பிய ஊரில் குடியேறும் உரிமை 1866இல்தான் வந்தது. 1893இல் சுவிஸ் மக்கள் முன்முயற்சி என்ற வாக்கெடுப்பு முறையை முதன்முதலில் பயன்படுத்தியபோது நிறைவேறியதே யூத முறைப்படி விலங்கறுப்பதற்குத் தடைதான். பாசல் மாநாட்டுக்கு நான்கே ஆண்டு முன்பு.

இனி நம் சொல்லுக்கு வருவோம். 1985 ஜூலையில் திம்புவில் இலங்கை அரசுடன் நடந்த பேச்சுவார்த்தையில் ஈழத் தமிழ்த் தரப்பு முன்வைத்த கோட்பாடுகளில் தேசிய இனம், தாயகம், தன்னாட்சி உரிமை ஆகியவை அடுத்தடுத்து நின்றன. அங்கே தாயகம் என்பது வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் காலடியைச் சுட்டிச் சொல்வது. இருப்பதை ஒப்புக்கொள் என்பதே கோரிக்கை. பாசல் திட்டத்தின் வினையோ ‘உருவாக்குதல்’. தாயகத்தை யாரும் உருவாக்குவதில்லை. (யாழ்ப்பாணத்தில் பிறந்து சுவிஸ் குடியுரிமை பெற்றவரின் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இராது, குடியுரிமை தந்த ஊரே ‘ஹைமாட்டோர்ட்’, அதாவது பூர்விக ஊர், என்று அச்சாகியிருக்கும். காகிதத்தால் பூர்விகம் உண்டாக்கும் கலை சுவிஸ்காரருக்குக் கைவந்தது.)

யூதருக்கும் அது முன்னோர் மண் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் தியா அல்-காலிதியே அதை மறுக்கவில்லை. 1899 மார்ச் 1 அன்று பிரான்ஸின் தலைமை ரபி ஸடோக் கானுக்குப் பிரெஞ்சில் எழுதிய கடிதத்தில் யூதரின் வரலாற்று உரிமையை ஏற்றுக்கொண்டார். ஆனால் அங்கே மக்கள் வாழ்கிறார்கள், பாலஸ்தீனத்தை நிம்மதியாக விடுங்கள் என்று வேண்டினார். கடிதம் ஹெர்ஸல் கைக்குப் போயிற்று. குடியேற்றத்தால் உள்ளூராருக்குச் செல்வம் பெருகும் என்று மார்ச் 19 அன்று அவர் பதில் எழுதினார். கேட்டது இருப்புரிமை, கிடைத்தது வரவுசெலவுக் கணக்கு.

பால்ஃபர் பிரகடனம் இந்த ஓரவஞ்சனையை இலக்கணமாக்கியது. யூதர்கள் அங்கே ‘மக்கள்’. அன்றைய குடிகளில் பத்தில் ஒன்பது பங்கினரான அரபுகள் ‘யூதர் அல்லாத சமூகங்கள்’. அவர்களுக்குச் சிவில், மத உரிமைகள் உண்டு, அரசியல் உரிமை என்ற பேச்சில்லை. பாலஸ்தீனம் பிரிட்டனின் ஆணையாட்சிக்குள் வந்தபின், ஜெனீவாவில் இயங்கிய நாடுகள் சங்கத்தின் ஆணையாட்சிக் குழு அந்த இலக்கணத்தையே காத்தது. பாலஸ்தீனரின் மனுக்கள் பிரிட்டிஷ் நிர்வாகம் வழியாகத்தான் அங்கே போக முடிந்தது. யாரைப் பற்றிப் புகாரோ அவர் கையிலேயே புகார். நேரில் வந்து பேச அனுமதியில்லை.

பாலஸ்தீனரை நேரில் பேசவிடாத இந்தப் போக்கு 1949இல் லவுசான் மாநாட்டில் உச்சத்துக்குப் போனது. இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர் அகதிகளாகிவிட்டிருந்தார்கள். ஐ.நா. சமரசக் குழு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை லெமான் ஏரிக்கரையில் முயன்றது. இஸ்ரேலோடு ஒரே மேசையில் உட்கார அரபு நாடுகள் மறுத்ததால் மே 12 அன்று ஒரே வாசகம் இரண்டு தனித்தனித் தாள்களில் கையெழுத்தானது. இஸ்ரேல் முந்தைய நாள்தான் ஐ.நா. உறுப்பினராகியிருந்தது. ஒரு லட்சம் பேரைத் திரும்ப ஏற்பதாகப் பின்னர் அது முன்வந்தது. அரபு நாடுகள் போதாது என்றன. அகதிகளின் சார்பிலும் ஒரு குழு லவுசானுக்கு வந்தது. முகமது நிமர் அல்-ஹவாரி, ரமல்லா வழக்கறிஞர் அஸீஸ் ஷெஹாதே ஆகியோர் அதில் இருந்தார்கள். இஸ்ரேல் தரப்பின் எலியாகு சாசன் அவர்களைத் தனியே சந்தித்துப் பேசினார். மாநாட்டின் தரப்பினர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. எகிப்து, ஜோர்தான், லெபனான், சிரியா ஆகியவை அவர்கள் பெயரில் பேசின. பாசலுக்கு வந்தவர்கள் தமக்குத் தாமே பிரதிநிதிகளானார்கள்; யாரும் தடுக்கவில்லை. லவுசானில் நிலத்தை இழந்தவர்களுக்கு அந்தப் பட்டமும் கிடைக்கவில்லை.

இரு தரப்புக்கும் ஒரே பெயர்ச்சொல் கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவிஸ் வெளியுறவுத் துறையின் ஆதரவோடு இஸ்ரேல் தரப்பின் யோசி பெய்லினும் பாலஸ்தீனத் தரப்பின் யாசிர் அபெத் ரப்போவும் உருவாக்கி அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று வெளியிட்ட ஜெனீவா உடன்பாட்டில், இஸ்ரேலும் பாலஸ்தீனமும் அவரவர் மக்களின் தாயகங்கள் என்று ஏற்கும் வரி உள்ளது. அந்த வரியைத் தமிழாக்கும்போது ‘தாயகம்’ என்ற சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். அதற்கு ஒப்புதல் தந்த இருவரில் ஒருவருக்கும் தம் அரசின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் இல்லை.