பழக்கூழ்ப் பானம் வந்த வழி

கோடை வெயில் கொளுத்தும் பிற்பகலில் விருந்தினர் ஒருவர் வந்தால், மாம்பழம், வாழைப்பழம், அன்னாசி ஆகியவற்றை நறுக்கிப் போட்டு, சிறிது இனிப்பும் தயிரும் பனிக்கட்டியும் சேர்த்து அரைத்து, ஒரு குவளையில் ஊற்றிக் கொடுப்பது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. இளைஞர்கள் இதனை ஸ்மூத்தி என்கின்றனர். பழக்கூழ்ப் பானம் என்று நாம் சொல்லுவோம். இதைச் செய்யப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தக் குவளையில் உள்ள பொருள்கள் யாவும் ஓரிடத்தில் வந்து கூடுவதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டால், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்றே விடை கூற வேண்டும். மாணவர்களே, அந்த விடையைச் சற்று விரித்துக் காண்போம்.

முதலில் மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். மா, பலா, வாழை என்று நம் முன்னோர் முக்கனியுள் முதலாவதாக வைத்தது இதனையே. இந்தியாவின் வடகிழக்குப் பகுதியும் அதனை அடுத்த மியன்மாரும் மாமரத்தின் தாயகம் என்பர் தாவர நூலார். அங்கிருந்து அது நாடெங்கும் பரவியது. பதினாறாம் நூற்றாண்டில் மேற்குக் கடற்கரையில் வாணிகம் செய்த போர்ச்சுகீசியர், தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிய பெயரைக் கேட்டு அதனை ‘மங்கா’ என்றனர். அதுவே ஆங்கிலத்தில் ‘மாங்கோ’ ஆயிற்று. பழம் மட்டுமன்று, நம் சொல்லும் கப்பலேறிச் சென்றது.

வாழையின் கதை வேறு. அதனை நாம் முற்றிலும் நம்முடையது என்றே எண்ணுகிறோம். வாசலில் கட்டுகிறோம்; அதன் இலையில் உண்கிறோம். ஆயினும் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூகினித் தீவின் மலைப் பகுதியில், ஏறத்தாழ 6500 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் வாழை பயிரிட்டதற்குச் சான்றுகள் மண்ணுள் கிடைத்துள்ளன. காட்டு வாழையின் பழம் முழுவதும் கடினமான விதைகள் நிறைந்திருக்கும். விதை குறைந்த கன்றுகளைத் தேர்ந்து, பெயர்த்து நட்டு, தலைமுறை தலைமுறையாகப் பேணியவர் பெயரறியா உழவர்களே. அவர்களது பொறுமையின் பயனாகவே விதையற்ற பழத்தை நாம் உரித்தவுடன் உண்கிறோம்.

இனி அன்னாசி. இது தென்னமெரிக்காவில் பிறந்தது. 1493-ஆம் ஆண்டில் கொலம்பசு தம் இரண்டாம் பயணத்தின்போது குவாதலூப் தீவில் இதனைக் கண்டார். பிரேசில் நாட்டுப் பழங்குடியினர் பேசிய துப்பி மொழியில் இதற்கு வழங்கிய பெயரிலிருந்து போர்ச்சுகீசியர் ‘அனனாசு’ என்றனர். நாம் அன்னாசி என்கிறோம். அந்தப் பழங்குடி மக்களின் சொல் ஒன்றை நாள்தோறும் நம் சந்தைகளில் நாம் உச்சரிக்கிறோம் என்பது எத்துணை வியப்பு! பதினாறாம் நூற்றாண்டிலேயே அன்னாசி இந்தியாவை அடைந்துவிட்டது. பேரரசர் ஜஹாங்கீர், ஆக்ராவில் உள்ள தம் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அன்னாசிகள் விளைவதாகத் தம் வரலாற்றில் பெருமையோடு குறித்துள்ளார். பப்பாளியும் கொய்யாவும் இவ்வாறே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். பேரரசர் பெருமை பேசிய பழம் இன்று தெருவோர வண்டியில் துண்டு போட்டு விற்கப்படுகிறது.

பானத்தில் சேர்க்கும் இனிப்புக்கு வருவோம். கரும்பும் வாழையைப் போல நியூகினியில் முதன்முதல் பயிரிடப்பட்டதென அறிஞர் கருதுவர். கரும்பு இம்மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தது என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இங்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 99-ஆம் பாட்டாக உள்ளது. ஒரு பயிரைக் கொண்டுவந்து தந்த செயலை, போர் வென்ற சிறப்போடு சேர்த்துப் பாடிய புலவரின் உள்ளத்தை நோக்குங்கள்.

கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலையில் இந்தியா உலகுக்கு முன்னோடி. ‘சர்க்கரா’ என்ற வடசொல்லே பாரசீகம், அரபு நாடுகளின் வழியாகச் சென்று ஆங்கிலத்தில் ‘சுகர்’ ஆயிற்று. பின்னர்ச் சர்க்கரையின் வரலாற்றில் இருள் சூழ்ந்தது. அன்னாசியைக் கண்ட அதே 1493-ஆம் ஆண்டுப் பயணத்தில், கொலம்பசு கரும்புக் கரணைகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். அவை அங்குச் செழித்தன. வெட்டவும் ஆலையில் பிழியவும் ஆள் வேண்டியதாயிற்று. பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றப்பட்டனர். ஏறத்தாழ 18 இலட்சம் பேர் கரை காணாமலே மாண்டனர். எஞ்சியோரில் பெரும்பகுதியினர் கரும்பு விளையும் நாடுகளிலேயே உழைத்து மடிந்தனர்.

1833-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. ஆனால் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு ஈடாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தருவித்தனர். மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நம்மவர் சென்றனர். 1860 நவம்பர் 16-ஆம் நாள் ‘துரூரோ’ என்ற கப்பல், சென்னையில் ஏறியவர்களோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவர்களுள் தமிழரும் தெலுங்கரும் பலர். நெட்டால் கரும்புத் தோட்டங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. பிஜித் தீவின் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாட்டில் கண்ணீரோடு பாடினார். 1917-ஆம் ஆண்டில்தான் இவ்வாறு ஆள் திரட்டி அனுப்புவது நின்றது. ஒரு கரண்டிச் சர்க்கரைக்குப் பின்னே இத்தனை மனிதர்கள் நிற்கின்றனர்.

அடுத்துப் பனிக்கட்டி. அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய அதே 1833-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து 180 டன் பனிக்கட்டியை ஏற்றிய கப்பல் ஒன்று கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. குளிர்காலத்தில் ஏரிகள் உறையும்போது அறுத்தெடுத்த பனிக்கட்டி அது. அனுப்பியவர் பிரடெரிக் டியூடர் என்ற வணிகர். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள்களால் நன்கு பொதிந்திருந்ததே அதன் காரணம். சென்னையில் இப்பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ஆம் ஆண்டில் கடற்கரையருகே ஒரு கட்டடம் எழுந்தது. அதனால்தான் அப்பகுதிக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்று பெயர் வழங்குகிறது. 1897-ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் சில நாள் தங்கிய கட்டடமும் அதுவே. இன்று அது விவேகானந்தர் இல்லம். அக்காலத்தில் பனிக்கட்டி செல்வர்க்கும் வெள்ளையர்க்கும் உரிய பொருளாக இருந்தது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் தொழில் 1870-களில் நம் நாட்டில் வேரூன்றிய பிறகு, பாஸ்டன் பனிக்கட்டிக்கு வேலையில்லாமற் போயிற்று.

கடைசியாக அரைக்கும் கருவி. அம்மியும் மத்தும் நமக்குப் பழமையானவை. பாத்திரத்தின் அடியில் சுழலும் கத்தி அமைந்த மின்கருவியை 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வடித்தவர் ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி. போலந்திலிருந்து குடியேறிய அவர் எண்ணியது, பாலும் மாவும் கலந்த பானத்தைக் கலக்குவதற்கே. ஊறவைத்த பருப்பையும் தேங்காயையும் மஞ்சளையும் அரைக்க அத்தகைய கருவிகளால் இயலவில்லை. நம் சமையலுக்கு ஈடுகொடுக்கும் வலிய மின்பொறியோடு மிக்சியை உருவாக்கியவர், பம்பாயில் வாழ்ந்த பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் மனைவியார் மாதுரி பயன்படுத்திய ஜெர்மானியக் கருவி பழுதானதே அதற்குத் தூண்டுகோல். 1963-ஆம் ஆண்டில் தொடங்கிய அவர்கள் முயற்சியில் விளைந்ததே ‘சுமீத்’ மிக்சி. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டில் அரசே குடும்பங்களுக்கு விலையின்றி மிக்சி வழங்கத் தொடங்கியது. அதன்பின் எளிய குடிசைக்குள்ளும் அது நுழைந்தது.

இப்பொழுது பானத்தைச் செய்வோம். நால்வர்க்கு நன்கு பழுத்த பெரிய மாம்பழம் ஒன்று, வாழைப்பழம் இரண்டு, கையளவு அன்னாசித் துண்டுகள், ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், எலுமிச்சம்பழச் சாறு சிறிது, ஏலக்காய் ஒன்று ஆகியவை போதும். பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அதனைப் பாலிலோ தயிரிலோ கலந்து வைத்திருந்தால் கசப்பு ஏறும். ஆகவே துண்டுகளைச் சில நிமிடம் நீரில் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். வெப்பத்தில் நொதி செயலற்றுப்போம். அறுத்த வாழைப்பழம் காற்றுப் பட்டுக் கறுக்கும். எலுமிச்சைச் சாறு அதனைத் தாமதப்படுத்தும். பழங்களை முதலில் அரைத்து, தயிரையும் பனிக்கட்டியையும் பின்னர்ச் சேர்க்க. வடிகட்ட வேண்டா, நார்ச்சத்து வீணாகும். பழம் கனியும்போது அதன் மாவுப்பொருளே இனிப்பாக மாறிவிடுகிறது. ஆகவே சுவைத்துப் பார்த்த பின்னரே நாட்டுச் சர்க்கரையைத் தேவையான அளவு சேர்க்கவும்.

எது நம்முடையது, எது அயலாருடையது என்று வாதிடுவோர் எக்காலத்தும் உண்டு. அவர்கள் முன் இக்குவளையை வைத்து, இதில் நம்முடையதை மட்டும் பிரித்தெடுங்கள் என்று கேட்டால் என் செய்வர்? நியூகினி உழவனும், துப்பி மொழி பேசியவனும், ஆப்பிரிக்க அடிமையும், நெட்டாலுக்குக் கப்பலேறிய நம் பாட்டனும் இதில் பங்காளிகள். வரும் விடுமுறையில் இப்பானத்தை வீட்டில் செய்யுங்கள். செய்யுமுன் உலகப் படத்தை விரித்து, ஒவ்வொரு பொருளும் வந்த இடத்தில் ஒரு புள்ளியிட்டு, அங்கிருந்து உங்கள் ஊர்வரை கோடு வரையுங்கள். கரும்பின் கோட்டை வரையும்போது மட்டும் சற்று நின்று, அந்த வழியில் சென்றவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.