கோவாப் பொடி முதல் ஸ்டீராய்டு வரை

சோரியாசிஸ் என்னும் செதிற்படை தொற்றுநோயன்று. எனினும் தொழுநோயோடு மயங்கி, நோயாளரை உலகம் ஒதுக்கிற்று. 1841-இல் வியன்னா மருத்துவர் ஹெப்ரா இரண்டும் வேறெனத் தெளிவுறுத்தினார்.

பிரேசில் நாட்டு அராரோபா மரத்தூள், போர்த்துக்கீசியர் வழியே கோவாவில் படர்தாமரைக்கு மருந்தாயிற்று. அக்‘கோவாப் பொடி’ செதிற்படையையும் தணிக்குமென 1876-இல் லண்டன் மருத்துவர் ஸ்கொயர் அறிவித்தார். ஆயின், அம்மூலிகை தோலை எரித்தது, ஆடையைக் கறைப்படுத்திற்று.

1952-இல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு வந்தது. பின்வந்த வலிய ஸ்டீராய்டுகள் செதிற்படையை விரைந்து தணித்தன. அளவின்றித் தடவினாலோ தோல் மெலியும். திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் சீறும்.

மூலிகைக் களிம்பென விற்கப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலின் பெயரை நம்பாது, உள்ளிருக்கும் பொருளை வினவுங்கள், நோயாளரை ஒதுக்காதீர்கள்.