மார்ஷ்மெல்லோ சவால்

மார்ஷ்மெல்லோ சவால் என்பது மேலாண்மை, வடிவமைப்பு வகுப்புகளில் ஆக்கச் சிந்தனையையும் குழுவாகச் சிக்கல் தீர்ப்பதையும் கற்பிக்கப் பயன்படும் ஒரு செய்முறைப் பயிற்சி ஆகும். வடிவமைப்பாளர் பீட்டர் ஸ்கில்மன் இதனை டெட் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். 2010 ஆம் ஆண்டு அதே மாநாட்டில் டாம் வூஜெக் ஆற்றிய உரைக்குப் பின் இது பரவலாக அறியப்பட்டது.

விதிமுறைகள்

பொதுவாக நான்கு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சிகள் 20, ஒரு கெஜம் (ஏறத்தாழ 91 செ.மீ.) ஒட்டுநாடா, அதே நீளமுள்ள நூல், ஒரு மார்ஷ்மெல்லோ ஆகியவை வழங்கப்படும். மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரையும் ஜெலட்டினும் கொண்டு செய்யப்படும் மென்மையான மிட்டாய் ஆகும். 18 நிமிடங்களுக்குள் தானாக நிற்கும் கோபுரம் ஒன்றை எழுப்பி, அதன் உச்சியில் மிட்டாயை முழுதாக வைத்தல் வேண்டும். குச்சிகளை ஒடிக்கலாம், நூலை வெட்டலாம். மேசையிலிருந்து மிட்டாயின் மேற்பகுதி வரையிலான உயரம் கணக்கிடப்படும்.

முடிவுகள்

வூஜெக் ஏறத்தாழ 70 பயிலரங்குகளில் இதனை நடத்தினார். கோபுரங்களின் சராசரி உயரம் சுமார் 20 அங்குலம். வணிகப் பள்ளி மாணவர்கள் எட்டியது அதில் ஏறக்குறைய பாதியே. மழலையர் பள்ளிக் குழந்தைகளோ சராசரியை விஞ்சினர். கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் முதலிடம் பெற்றது வியப்பன்று. இவை பயிலரங்கு அவதானிப்புகளே அன்றிக் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் அல்ல.

வணிக மாணவர்கள் சரியான ஒரே திட்டத்தைக் கண்டுபிடிப்பதிலும், குழுவிற்கு யார் தலைவர் என்பதிலும் நேரத்தைச் செலவிடுகின்றனர். மிட்டாய் கடைசி நிமிடத்தில்தான் ஏற்றப்படுகிறது. கையில் எடுத்தால் எடையே இல்லாததுபோல் தோன்றும் அது, மெல்லிய குச்சிகளை வளைத்துக் கோபுரத்தைச் சரித்துவிடுகிறது. அப்போது திருத்த நேரம் இருப்பதில்லை. குழந்தைகள் தொடக்கத்திலேயே மிட்டாயைக் குச்சியில் செருகிப் பார்ப்பதால், 18 நிமிடங்களில் பல மாதிரிகளைச் செய்து ஒவ்வொன்றிலும் பிழையை அறிகின்றனர்.

தலைமைச் செயல் அதிகாரிகளின் குழுவில் நிருவாக உதவியாளர் ஒருவர் சேர்ந்தபோது உயரம் கூடியது. பிறரை ஒருங்கிணைக்கும் திறனே இதற்குக் காரணம் என்று வூஜெக் விளக்கினார். ஒருமுறை 10,000 டாலர் மதிப்புள்ள மென்பொருள் பரிசாக அறிவிக்கப்பட்டபோது, பங்கேற்ற 10 குழுக்களில் ஒன்றின் கோபுரமும் நிற்கவில்லை. நான்கு மாதங்களுக்குப் பின் அதே மாணவர்கள் மீண்டும் முயன்று மிகச் சிறப்பாகச் செய்தனர்.

வகுப்பறைப் பயன்பாடு

பயிற்சிக்குப் பிந்தைய கலந்துரையாடல் இன்றி நடத்தினால் இது வெறும் விளையாட்டாக முடியும். மிட்டாயை முதன்முதலில் எந்த நிமிடத்தில் ஏற்றினீர்கள் என்பதே ஆசிரியர் கேட்கத்தக்க முதற்கேள்வி. புதிய பொருளை வாடிக்கையாளரிடம் காட்டாமலேயே மாதக்கணக்கில் திட்டமிடும் நிறுவனங்களின் நிலையோடு இது ஒப்பிடப்படுகிறது. ஏற்கெனவே விடையை அறிந்த ஒருவர் குழுவில் இருப்பின் பயிற்சியின் பயன் குறையும்.