7 லிட்டர், 11 லிட்டர்: சிறிய கேமிங் கணினியில் காற்றும் நீரும்

சின்னப் பெட்டிக்குள் பெரிய கணினி என்ற ஆசைக்கு உருவம் கொடுத்தவர்களில் ஜெர்மனியின் டேனியல் ஹான்சன் முக்கியமானவர். 2016-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி அவர் கொண்டுவந்த டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் கேபினெட்டின் கொள்ளளவு 7.2 லிட்டர்தான். 170 மி.மீ. சதுரமான மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு ஒரு பக்கம், அதன் முதுகுக்குப் பின்னால் நீளமான கிராபிக்ஸ் கார்டு, இரண்டையும் இணைக்க ஒரு ரைசர் கேபிள். புராசசரின் கூலருக்கு அவர் விட்ட உயரம் 48 மி.மீ. பிறகு தைவானின் லியான் லீ நிறுவனத்தோடு சேர்ந்து ஏ4-எச்2ஓ என்ற இன்னொரு கேபினெட்டை உருவாக்கினார். உள்ளமைப்பு ஏறக்குறைய அதேதான். கொள்ளளவு மட்டும் 11 லிட்டராக வளர்ந்துவிட்டது. கூடுதலான நாலு லிட்டரும் தடித்த கிராபிக்ஸ் கார்டுக்கும், மேற்கூரையில் உட்காரும் 240 மி.மீ. ரேடியேட்டருக்கும் போனது.

ஒரே கை வரைந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிறிய கணினியின் புராசசரைக் குளிர்விக்கக் காற்றா நீரா என்ற கேள்விக்குப் பல பெரிய விவாதங்களைவிடத் தெளிவான விடை கிடைக்கிறது. கேம் விளையாடுவதற்கென்றே கணினி கட்டுபவருக்கு 7 லிட்டர் போதும் என்பதுதான் என் முடிவு. ஆனால் அந்த 7 லிட்டருக்குள் காற்று போகும் வழியை அக்கறையோடு அமைத்திருக்க வேண்டும்.

முதலில் எவ்வளவு சூட்டை வெளியேற்றப் போகிறோம் என்று பார்த்துவிடலாம். ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி அட்டையில் 120 வாட் என்று போட்டிருக்கும். கேம் ஓடும்போது அது இழுப்பது பெரும்பாலும் 50 முதல் 70 வாட்தான். இன்டெல்லின் கோர் ஐ9-14900கே வேறு சாதி. அதன் உச்ச வரம்பு 253 வாட். கேம்களிலேயே 100 வாட்டைத் தாண்டுவது சாதாரணம். இரண்டுக்கும் ஒரே கூலரைப் பரிந்துரைப்பவர் பேச்சை நம்பவேண்டியதில்லை. கிராபிக்ஸ் கார்டின் கணக்கு தனி. ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 200 வாட். சிறிய பெட்டியில் புராசசர் சூட்டைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பலரும் மறப்பது இதைத்தான்: பெட்டிக்குள் இருக்கும் பெரிய அடுப்பு புராசசர் அல்ல.

காற்றுப் பெட்டியில் தொடங்குவோம். 48 மி.மீ. உயரத்துக்குள் அடங்கும் கூலர்கள் குறைவு. ஆஸ்திரியாவின் நோக்டுவா தயாரிக்கும் என்எச்-எல்9ஐ விசிறியோடு சேர்த்து 37 மி.மீ.; தெர்மல்ரைட்டின் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 அதைவிட 10 மி.மீ. உயரம். இரண்டிலும் 92 மி.மீ. மெல்லிய விசிறி. உயரமானது நல்லது என்பது இயல்பான எண்ணம், அது சரியும்கூட. தகடுகளின் பரப்பு கூடுகிறது, சூட்டைத் தூக்கிப்போக நான்கு செம்புக் குழாய்கள் இருக்கின்றன. ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று, விசிறிக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் இடையில் விடப்படும் இடைவெளி. 37 மி.மீ. கூலரைப் பொருத்தினால் 11 மி.மீ. மிஞ்சும். அந்த இடைவெளி வழியே, தகடுகளைத் தாண்டி வெளியே வந்த சுடுகாற்று சுற்றிவந்து மறுபடியும் விசிறிக்குள் போகிறது. விசிறி வேகமாகச் சுற்றும், சத்தம் போடும், புராசசர் மட்டும் ஆறாது. விசிறியைச் சுற்றி நுரைப்பஞ்சை வளையமாக வெட்டி ஒட்டி, வெளிக்காற்று மட்டும் உள்ளே வரும்படி செய்தால் அதே கூலர் பல டிகிரி குறைத்துக் காட்டும். நோக்டுவாவே எல்9 வகைக் கூலர்களுக்கென்று என்ஏ-எஃப்டி1 என்ற பெயரில் இப்படி ஒரு தொகுப்பை விற்கிறது. கையில் கத்தியும் கொஞ்சம் பொறுமையும் இருப்பவருக்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சிறிய கணினியில் செய்யக்கூடிய மேம்பாடுகளிலேயே செலவுக்கு மிக அதிகப் பலன் தருவது இதுதான் என்று நினைக்கிறேன்.

47 மி.மீ. கூலரில் இந்தச் சிக்கல் வராது. விசிறி தகட்டை ஒட்டியே நிற்பதால் நேராக வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. பதிலுக்கு, துளைத் தகட்டுக்கு அவ்வளவு அருகில் சுற்றும் விசிறி ஒரு இரைச்சலை எழுப்பும். சிலருக்கு அது பொறுக்காது.

இனி நீர். தண்ணீர் எவ்வளவு சூட்டைச் சுமக்கும் என்பதற்கு எளிய கணக்கு போதும். 10 டிகிரி ஏறும் அளவுக்கு 100 வாட்டைக் கொண்டுபோக வினாடிக்கு 2.4 கிராம் தண்ணீர் போதும். அதே வேலைக்குக் காற்று வினாடிக்கு 8 லிட்டருக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் நீர்க் கூலருக்கு மனம் மாறுகிறார்கள். ஆனால் தண்ணீர் அந்தச் சூட்டை ரேடியேட்டர் வரை மட்டுமே சுமக்கிறது. அங்கிருந்து அதை வாங்கிப் பெட்டிக்கு வெளியே தள்ளுவது அதே காற்றுதான். 8 லிட்டர் கணக்கு அங்கே மறுபடியும் வந்து நிற்கும். நீர்க் கூலர் நமக்குத் தருவது, சூட்டைக் காற்றிடம் ஒப்படைக்கும் இடத்தை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமையும், ஒப்படைக்கப் பெரிய பரப்பும்.

பரப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஏ4-எஸ்எஃப்எக்ஸ் பெட்டியிலேயே சான்று உண்டு. டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் 645எல்டி என்று 92 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட ஒரு சிறிய நீர்க் கூலரைத் தயாரித்தது. அந்தப் பெட்டிக்குள்ளும் அது நுழைந்தது. 240 மி.மீ. ரேடியேட்டரின் முகப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. நீர் வந்துவிட்டது என்பதாலேயே குளிர்ச்சி வந்துவிடாது என்பதற்கு அது நல்ல பாடம்.

இடத்தைப் பற்றிய கேள்வி இன்னும் சுவையானது. ஏ4-எஸ்எஃப்எக்ஸில் மதர்போர்டுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. புராசசரின் விசிறி ஒரு பக்கத் தகட்டிலிருந்தும், கார்டின் விசிறிகள் மறு பக்கத் தகட்டிலிருந்தும் காற்றை எடுக்கின்றன. ஒன்றின் மூச்சு மற்றொன்றின் மேல் அதிகம் படுவதில்லை. ஏ4-எச்2ஓவில் ரேடியேட்டர் இரண்டு அறைகளுக்கும் சேர்த்துக் கூரையாக உட்கார்ந்திருக்கிறது. விசிறிகளை வெளியே ஊதும்படி வைத்தால், கார்டு கக்கும் சுடுகாற்றும் ரேடியேட்டர் வழியேதான் வெளியேறும். இரண்டு விசிறிகளும் சேர்ந்து வினாடிக்கு 25 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். கார்டின் 200 வாட் முழுவதும் அந்தக் காற்றில் கலந்தால், ரேடியேட்டரைத் தொடும் முன்பே அது ஏறக்குறைய 6.6 டிகிரி சூடாகியிருக்கும். பக்கத் துளைகள் வழியே கொஞ்சம் சூடு வெளியேறுவதால் உண்மையில் இதைவிடக் குறைவாக இருக்கும். எப்படியானாலும், புராசசரின் வெப்பநிலை இப்போது கார்டின் கையில். கேமில் கார்டு திணறும்போதெல்லாம் புராசசரும் கூடவே சூடாகும்.

விசிறிகளைத் திருப்பி உள்ளே ஊதும்படி வைத்தால் ரேடியேட்டருக்குப் புதுக்காற்று கிடைக்கும். 60 வாட் புராசசர் என்றால் அந்தக் காற்று ரேடியேட்டரைக் கடந்து வரும்போது 2 டிகிரிதான் ஏறியிருக்கும். கார்டுக்கு அது பெரிய சுமையல்ல. ஆனால் மேலே எழும் சுடுகாற்றுக்கு வெளியேறும் வாசல் அடைபட்டுவிடும். அது பக்கவாட்டில் கசிந்து, மறுபடியும் கார்டின் விசிறிக்கே திரும்பி வரும். 250 வாட் புராசசர் என்றால் காற்று 8 டிகிரி ஏறியே கார்டை அடையும். ஆகவே, கேம் கணினியில் வெளியே ஊதுவதே சரி என்று சொல்வேன். நீர்க் கூலருக்கு அந்தச் சில டிகிரியைத் தாங்கும் வசதி இருக்கிறது. கார்டுக்கு வேறு வழியில்லை.

சோதிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றுக் கூலர் தன் முழுச் சூட்டை விரைவில் காட்டிவிடும். நீர் மெல்லச் சூடேறும். நிலைகொள்ளப் பல நிமிடங்கள் பிடிக்கும். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நீர்தான் சிறந்தது என்று முடிவுக்கு வருவது காற்றுக்குச் செய்யும் அநியாயம். இரண்டிலும் அரை மணி நேரம் உண்மையான கேமை ஓட்டிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். குளிர்நாட்டு விமர்சகர் 20 முதல் 25 டிகிரி அறையில் எடுத்த எண்ணை, மே மாதத் திருச்சியில் ஏசி இல்லாத அறையில் எதிர்பார்க்க முடியாது. அறை 15 டிகிரி கூடினால் புராசசரும் ஏறக்குறைய அதே அளவு கூடும். நீரானாலும் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்க வழியில்லை.

இரண்டு வகைக்கும் பொதுவான தடை ஒன்றும் உண்டு. ரைசன் 7000 வரிசையில் எட்டு கோர்களும் சுமார் 70 சதுர மி.மீ. சிப்புக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. அதற்கு மேல் தடித்த உலோக மூடி; பழைய ஏஎம்4 கூலர்களும் பொருந்த வேண்டும் என்பதற்காகவே அந்தத் தடிமன். சூடு முதலில் இந்த நெருக்கடியைத் தாண்டித்தான் கூலரின் அடித்தளத்தை அடைய வேண்டும். அதற்குப் பிறகு நடப்பதை மட்டுமே கூலரால் மாற்ற முடியும். பெரிய ரேடியேட்டருக்குப் பணம் கொட்டியும் எதிர்பார்த்த இறக்கம் கிடைக்காமல் போவது இதனால்தான்.

அதனால் சூட்டைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதை நான் கூலருக்கும் முன்னால் வைப்பேன். ஏஎம்டி புராசசரின் பயாஸில் ஈகோ மோட் இருக்கிறது. 105 வாட் என்று விற்கப்படும் 7700எக்ஸ் இயல்பில் 142 வாட் வரை இழுக்கும். 65 வாட் ஈகோ மோடில் வரம்பு 88 வாட்டுக்கு இறங்கிவிடும். கேமில் அந்த வித்தியாசத்தைக் கண் பிடிப்பது கடினம். அடுத்தது கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு படியும் மின்னழுத்தத்தை 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்கும். மைனஸ் 10-இல் தொடங்கி, கணினி நிலையாக ஓடுகிறதா என்று பார்த்தபின் அடுத்த படிக்கு இறங்கலாம். இன்டெல்லில் நீண்டநேர, குறுகியநேர வாட் வரம்புகளைக் கைப்பட இறக்கி வைக்கலாம். இந்த வேலையை முடித்தபின் 48 மி.மீ. பெட்டி பலருக்கும் போதுமானதாகிவிடும்.

சத்தத்தில் நீருக்குத்தான் வெற்றி. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் ஒலி 15 டெசிபல் அளவுக்கு ஏறும். அதே காற்றை நகர்த்த ஒரு 92 மி.மீ. விசிறி உச்சத்தில் ஓட வேண்டிய இடத்தில், இரண்டு 120 மி.மீ. விசிறிகள் மெதுவாகச் சுற்றினால் போதும். ஆனால் விசிறி வேகத்தைப் புராசசரின் வெப்பநிலையோடு கட்டிவிட்டால் இந்த வரம் வீணாகும். புராசசர் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். விசிறியும் கூடவே ஊளையிடும். நீரின் வெப்பநிலையை அளக்கும் கூலர் என்றால் அதோடு கட்ட வேண்டும். இல்லையென்றால், காற்றுக் கூலருக்குச் செய்வதுபோலவே, பயாஸில் விசிறி சில நொடி தாமதித்து எதிர்வினை காட்டும்படி வைக்க வேண்டும்.

வீடியோ ரெண்டரிங், நீண்டநேரக் கம்பைலிங் என்று எல்லாக் கோர்களையும் மணிக்கணக்கில் வேலை வாங்குபவருக்கு 11 லிட்டர் பெட்டி நியாயமானது. அங்கே 150 வாட்டுக்கு மேல் தொடர்ந்து ஓடும், 47 மி.மீ. கூலரால் அதைத் தாங்க முடியாது. வாங்குபவர் பம்ப் உள்ள பகுதி சுற்றின் உச்சியில் வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றுக் குமிழி உச்சிக்கே ஏறும். பம்ப்புக்குள் சிக்கினால் சத்தமும் தேய்மானமும். கூரையில் ரேடியேட்டர் வைக்கும் ஏ4-எச்2ஓ, நேராக நிறுத்தியிருக்கும்வரை, இந்த விஷயத்தில் பத்திரம். அதைப் படுக்க வைத்துப் பயன்படுத்துபவர் மட்டும் யோசிக்க வேண்டும்.

ஆயுள் கணக்கில் தராசு மறுபடி சாய்கிறது. மூடிய சுற்றிலும் ரப்பர் குழாய் வழியே நீர் சிறுகச் சிறுக ஆவியாகி வெளியேறும். பம்ப் ஒருநாள் நின்றுபோகும். அப்போது ரேடியேட்டர், குழாய், பம்ப் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். காற்றுக் கூலரில் கெடக்கூடியது விசிறி ஒன்றுதான். இன்னொரு 92 மி.மீ. விசிறி வாங்கி, தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினால், அதே செம்பும் அலுமினியமும் அடுத்த புராசசருக்கும் உழைக்கும்.