மல்டிகாஸ்ட்: கேட்டவருக்கு மட்டும் பகிரும் வலைப்பின்னல் முறையின் வரலாறு

மல்டிகாஸ்ட் என்பது ஓரிடத்திலிருந்து புறப்படும் தரவின் ஒற்றைப் படியை, அதைக் கேட்டவர்கள் இருக்கும் கிளைகளுக்கு மட்டும் வலைப்பின்னலே படியெடுத்து அனுப்பும் முறை. தமிழில் குழுப் பரப்பல், பல்பரப்பல் எனப் பலவாறு எழுதுகிறார்கள். பேச்சில் மல்டிகாஸ்ட் என்பதே புழங்குவதால் இக்கட்டுரையும் அச்சொல்லையே கையாள்கிறது. வீட்டு ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ‘ஐஜிஎம்பி ப்ராக்ஸி’, ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பெரும்பாலோர் தொடாமல் விட்டுவிடும் அந்த இரண்டு கட்டங்களுக்குப் பின்னால் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

ஒலிபரப்பு முதல் கேபிள் வரை

ஒரு செய்தியைப் பலருக்குச் சேர்க்கும் வழிகளை அரியலூர் வட்டாரத்தை வைத்தே விளக்கிவிடலாம். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. அப்போது அரியலூரும் பெரம்பலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். வானொலி அலை கேட்பவர் வீடு, கேளாதவர் வீடு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் பரவும். இது பொதுப் பரப்பல். தபால் இதற்கு நேர் எதிர். ஒரே திருமண அழைப்பை நூறு பேருக்கு அனுப்ப நூறு உறை வேண்டும். இது தனி அனுப்புகை.

நாளிதழ்க் கட்டு மூன்றாவது வழிக்கு நெருங்கி வருகிறது. திருச்சியில் அச்சான இதழ் ஒரே கட்டாக அரியலூர் வந்து, அங்கே ஜெயங்கொண்டத்துக்கு இத்தனை, செந்துறைக்கு இத்தனை என்று பிரிகிறது. வாங்குவோர் இல்லாத ஊருக்குக் கட்டு போகாது. இந்த உவமையில் ஒரு குறை உண்டு. இதழ்கள் முழுவதும் திருச்சியிலேயே அச்சாகிவிடுகின்றன. மல்டிகாஸ்டில் புறப்படுவது ஒற்றைத் தாள்தான். பாதை பிரியும் ஒவ்வோரிடத்திலும் தேவையான அளவுக்குப் படி எடுக்கப்படுகிறது.

1990களில் ஊர் ஊராகப் பரவிய கேபிள் டிவி முதல் வகையைச் சேர்ந்தது. கண்ட்ரோல் ரூமில் டிஷ் வழியாக இறங்கிய சேனல்கள் அனைத்தும் ஒரே கோஆக்சியல் கம்பியில் ஏறி, கம்பத்துக்குக் கம்பம் ஆம்ப்ளிஃபையர் தாண்டி, எல்லா வீட்டுக்கும் ஒருசேரப் போயின. 2007இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குச் சேனல்களை வழங்கத் தொடங்கியபோதும் முறை மாறவில்லை. 2017இல் அரசு செட்டாப் பாக்ஸ்கள் வந்து டிஜிட்டல் ஆனது. அப்போதும் எல்லாச் சேனலும் எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்தன. எதைத் திறந்து காட்டுவது என்பதை மட்டும் பெட்டி முடிவு செய்தது. கம்பி முழுதும் தொலைக்காட்சிக்கே உரியது என்பதால் அதில் வீண் எதுவும் இல்லை. அதே கம்பியில் இணையமும் போக வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான், யாரும் பார்க்காத சேனலை எதற்குச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

ஸ்டான்ஃபோர்டில் தொடக்கம்

அந்தக் கேள்விக்கான விடை தொலைக்காட்சிக்காக உருவானதல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் செரிட்டன் குழுவினர் ‘வி’ என்ற பரவல் இயங்குதளத்தை உருவாக்கிவந்தனர். அதில் பல கணினிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும். அவை ஒரே ஈதர்நெட் கம்பியில் இருந்தவரை, ஒரு செய்தியைக் குழு முழுவதற்கும் அனுப்புவது எளிதாக இருந்தது. நடுவே ரவுட்டர் வந்ததும் செய்தி அதைத் தாண்டவில்லை. செரிட்டனின் மாணவர் ஸ்டீவ் டீரிங் இதற்குத் தீர்வு தேடினார். இருவரும் 1985 டிசம்பரில் வெளியிட்ட ஆர்எஃப்சி 966 ‘கணினிக் குழு’ என்ற கருத்தை முன்வைத்தது. பல திருத்தங்களுக்குப் பின் 1989 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 1112தான் இன்றும் அடிப்படை ஆவணம்.

அதன் மையக் கருத்து எளிது. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையிலான முகவரிகள் எந்தக் கணினிக்கும் சொந்தமல்ல, அவை குழுக்களின் பெயர்கள். அனுப்புபவர் குழுவின் பெயருக்கு அனுப்புகிறார். யார் பெறுகிறார்கள், எத்தனை பேர் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. பெற விரும்புகிறவர் தன் பக்கத்து ரவுட்டரிடம் ‘நானும் இந்தக் குழுவில்’ என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்லும் மொழிதான் ஐஜிஎம்பி.

ரவுட்டர் அவ்வப்போது ‘இன்னும் யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்கும். யாராவது ஒருவர் பதில் சொல்லிவிட்டால், அதே குழுவில் இருக்கும் மற்றவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். பந்தியில் ஒருவர் ரசம் கேட்டுவிட்டால் பக்கத்து இலைக்காரர் வாய் திறக்க வேண்டியதில்லை, வாளி எப்படியும் அந்த வரிசைக்கு வந்துவிடும். ரவுட்டருக்குத் தலைக்கணக்கு தேவையில்லை, வரிசையில் ஆள் இருக்கிறதா என்பது மட்டுமே தேவை. மல்டிகாஸ்டின் சிக்கனமும் பிற்காலச் சிக்கல்களில் பாதியும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறந்தவை.

பணமும் இதில் ஒரு தடம் பதித்திருக்கிறது. 28 பிட் நீளமுள்ள குழு எண்ணை முழுமையாக ஈதர்நெட் முகவரிக்குள் அடக்க டீரிங்குக்கு 16 முகவரித் தொகுதிகள் வேண்டியிருந்தன. ஒரு தொகுதியின் விலை ஆயிரம் டாலர். ஜான் போஸ்டல் ஒன்றை மட்டுமே வாங்க முடிந்து, அதிலும் பாதியைத்தான் டீரிங்குக்குக் கொடுத்தார் என்று வலைப்பின்னல் பொறியாளர்கள் இக்கதையைச் சொல்லிவருகிறார்கள். விளைவு மட்டும் உறுதி. 23 பிட்டுக்கே இடம் இருப்பதால் 32 குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. முகவரியை மட்டும் பார்த்துப் பிரிக்கும் ஸ்விட்சுக்கு 224.1.1.1 குழுவும் 225.1.1.1 குழுவும் ஒன்றாகவே தெரியும்.

எம்போன்

1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியியல் பணிக்குழுக் கூட்டத்தின் பேச்சொலி, மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு நேரலையாக அனுப்பப்பட்டது. அன்றைய ரவுட்டர்களுக்கு மல்டிகாஸ்ட் தெரியாது. எனவே மல்டிகாஸ்ட் தெரிந்த கணினிகளை இணையத்தின் நடுவே சுரங்கப்பாதை போல இணைத்தார்கள். அந்த மேல்தள வலைக்கு எம்போன் என்று பெயர்.

1993 ஜூன் 24 அன்று சிவியர் டயர் டேமேஜ் என்ற இசைக்குழு அதில் நேரலையாக வாசித்தது. அதன் உறுப்பினர்கள் கணினித் துறையினர். 1994 நவம்பர் 18 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் குழு டல்லாஸ் நிகழ்ச்சியின் முதற்பகுதியை எம்போனில் விட்டபோது, அதற்குச் சற்று முன்பாக இதே பொறியாளர் குழு அழைப்பில்லாமல் நுழைந்து வாசித்துவிட்டது. வேடிக்கைதான். ஆனால் மல்டிகாஸ்டின் பலவீனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. யார் வேண்டுமானாலும் குழுவுக்கு அனுப்பலாம், தடுக்கும் காவலர் எவரும் இல்லை.

பொது இணையத்தில் எடுபடாதது ஏன்?

1990களின் நடுவில், வருங்காலத் தொலைக்காட்சி மல்டிகாஸ்டில்தான் வரும் என்று பலரும் நம்பினர். அது நடக்கவில்லை. நிறுவனம் விட்டு நிறுவனம் தாண்டும்போது ஒவ்வொரு குழுவுக்கும் நடுவிலுள்ள ரவுட்டர்கள் நினைவு வைத்திருக்க வேண்டியிருந்தது. தொடக்ககால வழியமைப்பு முறை, முதலில் எல்லாப் பக்கமும் வெள்ளமாக அனுப்பி, வேண்டாதவர் மறுத்தபின் கிளையை வெட்டுவது. அது பெரிய வலைக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும்விட, ஒரு படி உள்ளே வந்து ஆயிரம் படியாக வெளியே போனால் யாரிடம் எவ்வளவு கட்டணம் கேட்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 1998இல் தொடங்கிய அகாமை போன்ற நிறுவனங்கள் ஊருக்கு ஊர் சர்வர்களை வைத்து, தனி அனுப்புகையிலேயே சமாளித்துக் காட்டின. யாரும் எந்தக் குழுவுக்கும் அனுப்பலாம் என்ற பழைய வகை மல்டிகாஸ்டை நிறுவனங்களுக்கிடையே பயன்படுத்த வேண்டாம் என்று 2020இல் ஆர்எஃப்சி 8815 முறையாகவே அறிவித்தது.

2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக்கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பார்வையாளர்கள் வரை பார்த்தனர். ஒவ்வொருவருக்கும் தனி ஓடை. டீரிங் தவிர்க்க நினைத்தது இதைத்தான். பொறியியலில் நல்ல தீர்வு எப்போதும் வெல்வதில்லை. காசு கொடுத்து வாங்க முடிகிற தீர்வு பல நேரம் வென்றுவிடுகிறது.

மூடிய வலைகளில் மறுவாழ்வு

ஒரே நிறுவனம் தலை முதல் கால் வரை கட்டுப்படுத்தும் வலையில் மேற்சொன்ன தடைகள் இல்லை. அனுப்புபவர் ஒருவரே, கட்டணப் பட்டியலும் ஒன்றே. எனவே ஐபிடிவி எனப்படும் தொலைக்காட்சிச் சேவையில் மல்டிகாஸ்ட் நிலைபெற்றது. இந்தியாவில் எம்டிஎன்எல் 2006இல் மும்பையிலும் டெல்லியிலும் இதைத் தொடங்கியது. 2008இல் மத்திய அரசு நெறிமுறைகளை வெளியிட்டது. அன்றைய தொலைபேசிக் கம்பியில் ஓரிரு சேனலுக்கு மேல் ஒரே நேரத்தில் போகாது. கேட்ட சேனலை மட்டும் அனுப்பும் முறை இல்லாமல் அந்தச் சேவையே சாத்தியமில்லை.

ஐஜிஎம்பியின் பதிப்புகள் இங்கே முக்கியமாயின. முதற்பதிப்பில் ‘போய்வருகிறேன்’ என்று சொல்லும் வசதி கிடையாது. சேனலை மாற்றினால், பழைய சேனலும் சில நிமிடம் வந்துகொண்டே இருக்கும். ரிமோட்டை நான்கு முறை அழுத்தினால் குறுகிய கம்பி அடைத்துக்கொள்ளும். 1997இன் இரண்டாம் பதிப்பு விடைபெறும் செய்தியைச் சேர்த்தது. 2002இன் மூன்றாம் பதிப்பில் எந்த அனுப்புநரிடமிருந்து வேண்டும் என்பதையும் சொல்ல முடிந்தது. அழையா விருந்தாளிகளுக்கு ஒருவழியாகக் கதவு அடைபட்டது.

அரியலூர் மாவட்டத்தில் 201 கிராம ஊராட்சிகள், பெரம்பலூரில் 121. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் நிறைவேற்றிவருகிறது. 2024 இறுதியில் பிஎஸ்என்எல், ஐஎஃப்டிவி என்ற ஃபைபர் தொலைக்காட்சிச் சேவையைத் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் முதலில் கொண்டுவந்தது. கோஆக்சியல் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் இழுக்கும் உள்ளூர் கேபிள்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு. எல்லாச் சேனலையும் தனி ஒளி அலைநீளத்தில் ஏற்றிப் பழையபடியே விடலாம். அல்லது ஐபிடிவியாக மல்டிகாஸ்டில் விடலாம். 300 வீடுள்ள ஊரில் எல்லாரும் ஒரே ஆட்டத்தை நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பார்க்கிறார்கள் என்று கொள்வோம். தனித்தனியாக அனுப்பினால் ஊருக்கு வரும் கம்பியில் 1200 மெகாபிட் வேண்டும். மல்டிகாஸ்டில் 4 போதும். செயலி வழியாக வரும் தொலைக்காட்சி பெரும்பாலும் தனி அனுப்புகையே என்பதால் இந்தச் சேமிப்பு அதற்குக் கிடைக்காது.

வீட்டுப் பெட்டிக்குள்

ஊர் வரை ஒரே படியாக வந்தது, வீட்டுக்குள் அடங்கி நடக்க வேண்டும். ‘ப்ராக்ஸி’ என்ற கட்டம், தொலைக்காட்சிப் பெட்டி கேட்பதை ரவுட்டர் தன் பெயரில் மேலே கேட்க வைக்கிறது. ரவுட்டர் வழியாக ஐபிடிவி வரும் வீட்டில் இதை அணைத்தால் படமே வராது. அந்தச் சேவையே இல்லாத வீட்டில் இதை அணைத்துவைப்பதால் இழப்பில்லை.

‘ஸ்னூப்பிங்’ என்றால் ஒட்டுக்கேட்டல். ஸ்விட்ச், பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடக்கும் ஐஜிஎம்பி உரையாடலை ஒட்டுக்கேட்டு, கேட்ட வாய்க்கு மட்டும் ஓடையைத் திருப்புகிறது. இது இல்லையென்றால் ஓடை எல்லா வாய்களிலும் பாயும், வைஃபையிலும் பாயும். வைஃபை மல்டிகாஸ்டை மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும், சேர்ந்ததா என்று திரும்பக் கேட்பதும் இல்லை. ஹாலில் ஒருவர் தொலைக்காட்சி பார்த்தால் அறையில் இருப்பவரின் கைபேசி இணையம் படுத்துவிடும். மல்டிகாஸ்டைத் தனி அனுப்புகையாக மாற்றும் வசதி வைஃபை பக்கத்தில் இருந்தால் அதை இயக்கிவைக்க வேண்டும். பெரிய வலையில் சிக்கனமாக இருந்தது சிறிய வீட்டில் செலவாகிவிடுவது இந்த வரலாற்றின் வினோதம்.

கண்காணிப்புக் கேமராக்களை மல்டிகாஸ்டில் ஓட்டும் அலுவலகங்களில் வேறொரு கோளாறு வரும். படம் நன்றாக வரும், நான்கு நிமிடம் சொச்சத்தில் உறைந்துவிடும். கேமரா மேல் பழி போடுவார்கள். காரணம், ஸ்னூப்பிங்கை இயக்கிவிட்டு, ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்க ஆள் வைக்காததுதான். வழக்கமான அமைப்பில் கேள்வி 125 நொடிக்கு ஒருமுறை. பதில் சொல்ல 10 நொடி. இரண்டு கேள்விக்கும் அந்த 10 நொடிக்கும் சேர்த்து 260 நொடி பொறுத்துப் பார்த்து, பதில் இல்லையென்றால் ஸ்விட்ச் அந்தக் குழுவையே மறந்துவிடும். கேள்வியே எழாத வலையில் பதிலும் எழாது. ஏதாவது ஒரு ஸ்விட்சிலோ ரவுட்டரிலோ ‘குவெரியர்’ என்ற வசதியை இயக்கினால் சரியாகிவிடும்.

பிரிண்டரையும் தொலைக்காட்சியையும் கைபேசி கண்டுபிடிப்பதும் மல்டிகாஸ்டால்தான், 224.0.0.251, 239.255.255.250 ஆகிய குழுக்களின் வழியாக. வேகம் கூடும் என்று மல்டிகாஸ்டை முழுவதுமாக முடக்கியவர் மறுநாள் பிரிண்டரைக் காணாமல் தேடுவார்.

‘ஃபாஸ்ட் லீவ்’ என்று ஒரு கட்டமும் சில பெட்டிகளில் உண்டு. விடைபெறும் செய்தி வந்தவுடன், வேறு யாரும் பார்க்கிறார்களா என்று கேளாமலே ஓடையை வெட்டிவிடும். சேனல் வேகமாக மாறும். ஆனால் மாடியிலும் கீழேயும் இரண்டு தொலைக்காட்சிகள் ஒரே வாயில் இணைந்திருக்கும் வீட்டில், மாடியில் சேனலை மாற்றியவுடன் கீழே ஓடிக்கொண்டிருந்த அதே சேனலின் படமும் நின்றுவிடும். அந்த வீட்டில் இதை அணைத்துவைக்க வேண்டும்.