நான்காந் திகதி வந்த செய்தி

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். வகுப்பில் இவற்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், யானையும் வில்லும் வைத்துச் சண்டை செய்த அரசர்களுக்குச் சொன்னது எங்களுக்கு எதற்கு?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். அவனுக்கு நான் உரை சொல்லவில்லை. நாங்கள் வாழும் இந்தக் கொழும்பின் கதையொன்றைச் சொன்னேன். அதையே இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

என் பெரியம்மா கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். 1942 ஏப்ரல் 5ஆந் திகதி அவர் சிறுமி. அன்று உயிர்த்த ஞாயிறு. புனித லூசியாள் பேராலயத்துக்குச் சனங்கள் போய்வந்துகொண்டிருந்த காலை வேளை. வானத்தில் விமானங்கள் தெரிந்தன. "எங்கட ஆக்கள் பழகுகினம்" என்று பெரியவர்கள் சொன்னார்களாம். பிள்ளைகள் கையசைத்தார்கள். துறைமுகப் பக்கம் புகை எழும்பிய பிறகுதான் அவை யாருடைய விமானங்கள் என்பது விளங்கியது. அந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாண ரயிலேறினார்கள்.

ஆனால், செய்தி முதல்நாளே வந்துவிட்டது என்பதுதான் இக்கதையின் சாரம். ஏப்ரல் 4ஆந் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா விமானமொன்று தெற்குக் கடலில் ஜப்பானியக் கடற்படையைக் கண்டது. அதன் தலைவர் லியனார்ட் பேர்ச்சல் என்ற கனேடியர். இலங்கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. சுட்டு வீழ்த்தப்படுமுன் அவருடைய குழு கம்பியில்லாத் தந்தியில் செய்தியை அனுப்பிவிட்டது. ஒன்பது பேரில் அறுவர் உயிர் தப்பி, யுத்தம் முடியும்வரை கைதிகளாக இருந்தார்கள்.

அந்தச் செய்தி பாதி வேலையைச் செய்தது. துறைமுகத்தில் நெருங்கிக் கிடந்த கப்பல்கள் பல வெளியேற்றப்பட்டன. மற்றப் பாதி நடக்கவில்லை. கொழும்பில் ராடர் நிலையம் இருந்தது. காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்ததை அது காட்டிக்கொடுக்கவில்லை. அவை தலைக்கு மேல் வந்தபோது இரத்மலானையிலிருந்த ஹரிகேன் விமானங்கள் இன்னும் தரையில் நின்றன. டெனடோஸ், ஹெக்டர் என்ற இரு கப்பல்கள் துறைமுகத்திலேயே அழிந்தன. அங்கொடை மனநோயாளர் மருத்துவமனையிலும் குண்டுகள் விழுந்தன. கடலுக்குப் போயிருந்த கோர்ன்வோல், டோர்செற்ஷயர் ஆகிய இரு போர்க்கப்பல்களும் அன்று பிற்பகலில் 424 பேரோடு மூழ்கின. தாக்குதல் ஏப்ரல் முதலாந் திகதியளவில் வருமென்று கணித்துக் காத்திருந்த பிரித்தானியக் கடற்படைத் தலைவர் சோமர்வில், அது வராததால் எரிபொருளுக்கும் நீருக்குமாக மாலைதீவுப் பக்கம் போயிருந்தார். காலமறிதல் எவ்வளவு கடினம் பாருங்கள்.

இடனறிதலுக்கும் அன்றே சான்றுண்டு. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை அவசரமாக விமானத் தளமாக்கியிருந்தார்கள். ஜப்பானியர் அதை அறிந்திருக்கவில்லை. எனவே அங்கிருந்து விமானங்கள் தடையின்றி மேலெழுந்தன. இழப்பு அங்கும் உண்டு. ஆனாலும் எதிர்த்து நிற்க முடிந்தது.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆந் திகதி, திருகோணமலையின் முறை. இம்முறை ராடர் ஏறத்தாழ 90 மைல் தூரத்திலேயே எதிரியைக் கண்டது. ஹரிகேன்கள் முன்கூட்டியே வானில் நின்றன. அப்படியும் பாடம் முற்றவில்லை. துறைமுகத்தைவிட்டு அனுப்பப்பட்ட ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், காக்க விமானம் வந்துசேராத நிலையில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. துணை சென்ற அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் அதனுடன் போயிற்று.

வென்றவர் கற்றாரா? அதே 9ஆந் திகதி, ஒன்பது பிளெனிம் விமானங்கள் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பலான அக்காகியை யாரும் தடுக்காத நிலையில் நெருங்கிக் குண்டு போட்டன. குண்டுகள் அருகே விழுந்தன; கப்பல் தப்பியது. 5ஆந் திகதியும் நகுமோவின் விமானங்களுக்கு ஆயுதத்தை மாற்றுவதும் மறுபடி மாற்றுவதுமாக நேரம் வீணாகியிருந்தது. வெற்றிக் களிப்பில் இந்த இரண்டையும் எவரும் பெரிதாக எண்ணவில்லை. இரண்டு மாதமும் ஆகவில்லை. ஜூன் 4ஆந் திகதி, மிட்வேயில், அதே ஆயுத மாற்றக் குழப்பத்தின் நடுவே மேலிருந்து வந்த குண்டுகள் தப்பவில்லை. அக்காகி உட்பட நான்கு விமானந்தாங்கிகள் அழிந்தன. கொழும்பு கொடுத்த எச்சரிக்கையை ஜப்பானியர் வாசிக்கவில்லை.

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தன் வலி, மாற்றான் வலி என்பவற்றோடு நிற்காமல் துணைவரின் வலியையும் எண்ணச் சொல்கிறார். அன்று இலங்கையைக் காத்து நின்றவர்கள் ஒரு நாட்டவர் அல்லர். கனேடிய விமானிகள், இரண்டு அவுஸ்திரேலியப் படைப்பிரிவுகள், கிழக்காபிரிக்கர், இந்தியர், நம் இலங்கைப் பீரங்கிப் படையினர் எனப் பலர். இத்தனை பேரையும் ஒழுங்குபடுத்த 1942 மார்ச்சிலேயே அட்மிரல் லேய்ட்டன் ஒருவரின் கீழ் முப்படையும் குடியியல் நிருவாகமும் கொண்டுவரப்பட்டன. துணை பலமாவது எண்ணிக்கையால் அன்று. ஒருவர் கண்டது மற்றவர் காதில் உரிய நேரத்தில் விழுவதால்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்த மாணவன், "அப்ப நாங்கள் கற்றுக்கொண்டம்தானே, சேர்?" என்றான். என்னால் உடனே ஆமென்று சொல்ல முடியவில்லை.

77 ஆண்டுகளின் பின் இன்னோர் உயிர்த்த ஞாயிறு வந்தது. 2019 ஏப்ரல் 21. பெரியம்மா வளர்ந்த தெருக்களிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், வேறு ஆலயங்களிலும் விடுதிகளிலும் 260இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவிலிருந்து முன்னெச்சரிக்கை வந்திருந்தது. வந்த நாள், தற்செயலாக, ஏப்ரல் 4. கடலில் மடிய நேர்ந்தும் செய்தி அனுப்பியவர்கள் போல் இங்கு எவரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த கடிதத்தின்படி செயற்பட்டிருந்தால் போதும். அப்படிச் செயற்படத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு உயரதிகாரிகளும் நட்டஈடு வழங்க வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1942இல் பாதியேனும் பயன்பட்ட செய்தி, 2019இல் முழுவதும் வீணாயிற்று. பாடம் புத்தகத்தில் இருப்பதாலோ அனுபவத்தில் கிடைப்பதாலோ கற்றதாகிவிடாது. அடுத்த முறை செய்தி வரும்போது யார் எழுந்து ஓடுகிறார் என்பதில்தான் அது தெரியும்.

மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். அந்த மூன்று அதிகாரங்களும் அரசர்களுக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. அவற்றை ஆளுபவர்கள் வாசிக்கத் தவறினால், விலை கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகும் சனங்கள்.