தரையும் ஈரமும்: ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் தளங்களை முன்வைத்து

குளிர்நாடுகளில் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் விரிவாக்குவோரும் முதலில் தீர்மானிக்க வேண்டிய செய்திகளுள் ஒன்று, தரைக்கடியில் வெப்பமூட்டும் குழாய்களைப் பதிப்பதா வேண்டாமா என்பதாகும். வெந்நீர் ஓடும் நெகிழிக் குழாய்களை வெப்பக்காப்புப் பலகையின்மேல் நெளிநெளியாகப் பரப்பி, அதன்மேல் சாந்திட்டு ஓடு பதிப்பர். தளம் மூடப்பட்ட பின்னர் அதனைத் திறப்பது எளிதன்று. ஆகவே முடிவை முன்னரே எடுத்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் சராசரியாக ஏறத்தாழ 27 பாகை செல்சியசு வெப்பம் நிலவும் பினாங்கிற்கு இவ்வமைப்புத் தேவையில்லை. ஆயினும், தரை என்பது வெப்பத்தையும் ஈரத்தையும் என்ன செய்கிறது என்னும் அடிப்படை வினா ஜார்ஜ்டவுனுக்கும் உரியதே. அந்நகரின் கடைவீடுகளைப் புதுப்பித்தோருள் பலர் அவ்வினாவை எழுப்பாமலேயே பழைய தளங்களைப் பெயர்த்துவிட்டனர். அதன் விளைவை இக்கட்டுரை நோக்குகிறது.

தரைவழி வெப்பம் புதியதன்று. உரோமர், சிறு செங்கல் தூண்களின்மேல் தரையை உயர்த்தி, அதன்கீழ் உலையின் வெங்காற்றைச் செலுத்தினர். கொரியரின் ‘ஓந்தோல்’ முறையில் அடுப்பின் புகை தரைக்கற்களின் கீழுள்ள வழிகளில் சென்று மறுபுறம் வெளியேறும். இம்மரபைத் தென்கொரிய அரசு 2018இல் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், ஜப்பானில் இத்தகைய அறையொன்றில் தாம் பெற்ற பட்டறிவை 1937இல் ஜேக்கப்ஸ் இல்லத்தில் குழாய்வழி வெப்பமாக்கினார்.

தமிழர் வழக்கு வேறு. நெடுநல்வாடை காட்டும் கூதிர்க்கால நகரில், தென்றலுக்கெனத் திறந்திருந்த சாளரங்கள் தாழிடப்படுகின்றன. குறுகிய வாயையுடைய கலத்தின் தண்ணீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயையுடைய ‘தடவு’ என்னும் கலத்தில் நெருப்பு இடப்படுகிறது. வெப்பம் கலத்தில் வந்து, பருவம் மாறியதும் கலத்துடனேயே போய்விடுகிறது. தரையில் அதற்கு இடமில்லை. மலாய்க்காரரிடையிலும் நெருப்பு குறிப்பிட்ட தேவைக்கே உரியதாயிற்று. பிள்ளை பெற்ற தாயைப் படுக்கையில் கிடத்தி நெருப்பின் வெம்மையில் வைக்கும் ‘சலாயான்’ வழக்கத்தை ஸ்கீட் 1900இல் வெளியிட்ட ‘மலாய் மேஜிக்’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். மற்ற நாள்களில் தரை குளிர்ந்திருக்க வேண்டும் என்பதே இரு சமூகத்தாரின் எதிர்பார்ப்பும் ஆகும். மலாய் வீடு இதற்கெனத் தரையைக் கால்களின்மேல் உயர்த்தியது. தமிழ்நாட்டு வீடு சாணம் மெழுகிய மண்தரையிலும் சுண்ணாம்புத் தளத்திலும் இதனை அடைந்தது.

1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய கடலோர முனையில், தாழ்ந்த நிலத்தில், ஜார்ஜ்டவுன் எழுந்தது. இன்று சூலியாத் தெரு எனப்படுவது தொடக்கத்தில் மலபார்த் தெரு என்று வழங்கியது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் வரலாறு 1801இலிருந்து தொடங்குகிறது. அக்காலம் தொட்டே இப்பகுதி தமிழ் வணிகர் புழங்கிய பகுதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. இங்கெழுந்த கடைவீடுகளின் கீழ்த்தளத்தில் சுட்ட களிமண் சதுர ஓடுகளை மண் அல்லது மணற்படுகையின்மேல் சுண்ணாம்புச் சாந்துடன் பாவுவது பழைய முறை. பிற்காலத்தில் முன்கூடத்திற்குப் பூவேலைச் சிமெண்டு ஓடுகள் வந்தபோதும், அடுக்களையிலும் பின்கட்டிலும் பல வீடுகளில் களிமண் ஓடே நீடித்தது.

இத்தளம் ஒரு வகையில் மூச்சுவிடும் தளமாகும். நிலத்தடி ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறி, ஓட்டின் பரப்பில் ஆவியாகிறது. ஆவியாகும்போது அது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் தரை குளிர்கிறது. வீட்டின் நடுவேயுள்ள திறந்த முற்றம் அந்த ஈரக்காற்றை மேலே கொண்டுசெல்கிறது. மதிய வேளையில் வெறுந்தரையில் படுத்துறங்கிய முந்தைய தலைமுறைக்கு இவ்வியற்பியலை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுண்ணாம்பில்தான் தமிழ்த் தொழில்மரபின் தடம் உள்ளது. ஆங்கிலேயரின் அலுவல் வழக்கில் நிலைத்த ‘சுனாம்’ என்னும் சொல் நம் சுண்ணத்தோடு உறவுடையது. நீரிணைக் குடியேற்றங்களில் பணிசெய்த இந்தியக் கைதிகளைப் பற்றி மெக்நேர் 1899இல் எழுதிய நூல், சிங்கப்பூர்ப் புனித அந்திரேயா பேராலயத்தின் உட்பூச்சுக்கு மதராஸ் சுண்ணம் ஆக்கிய முறையைக் கூறுகிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கருப்பட்டி போன்ற கரடான சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவை கலந்து, பூசியபின் மெருகேற்றப்பட்டன. அந்நூல் பேசும் கைதி முகாம்களுள் பினாங்கும் ஒன்று. எனினும் பெருங்கட்டடங்களின் பூச்சைப் பற்றி எழுதியவர்கள் சாதாரணக் கடைவீட்டுத் தரையைப் பற்றி எழுதவில்லை. ஆகவே அத்தரையே அதன் ஆவணம். பெயர்த்தெறிந்தால் வேறு படி கிடையாது. கோயில் கல்வெட்டையும் பள்ளிவாசல் பதிவையும் தேடித் தொகுக்கும் நாம், இந்த ஆவணத்தைப் படிக்கத் தவறிவிட்டோம் என்றே கருதுகிறேன்.

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலச் சலுகையும் 1999 இறுதியோடு முடிந்தது. குறைந்த வாடகையில் நெடுங்காலம் வாழ்ந்தோர் வெளியேற, வீடுகள் கைமாறின. 2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 109.38 எக்டேர் பரப்புள்ள மையப் பகுதியில் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. முகப்பைக் காத்தவர்கள்கூட உள்ளே களிமண் ஓடுகளைப் பெயர்த்து, நெகிழித் தாள் விரித்து, சிமெண்டுக் கான்கிரீட்டு இட்டு, மெருகேறிய ஓடுகளைப் பதித்தனர். தெருவிலிருந்து பார்ப்போர்க்கு இது தெரியாது.

நிலத்தடி ஈரத்திற்குத் தெரியும். தரைவழி மூடப்பட்டதும் அது சுவரை நாடுகிறது. சுவரிலும் சுண்ணாம்புப் பூச்சு நீக்கப்பட்டுச் சிமெண்டு பூசப்பட்டிருந்தால், வெளியேற வழியின்றி இன்னும் உயரமாக ஏறுகிறது. நீரில் கரைந்த உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகி, செங்கல்லையும் பூச்சையும் உள்ளிருந்தே பிளக்கிறது. புதுப்பித்துச் சில ஆண்டுகளிலேயே இடுப்பளவு உயரத்தில் வண்ணம் உரிந்து வெண்பொடி உதிரும் சுவரைக் கண்டவர்கள், கூரை ஒழுகுகிறது என்றோ வண்ணம் மட்டமானது என்றோ குறைகூறுவர். மீண்டும் சிமெண்டு பூசுவர். ஈரம் மீண்டும் மேலே ஏறும். பினாங்கு மரபுக் கட்டடங்களில் இவ்வுப்புத் தாக்கத்தையும் ஏறுமீரத்தையும் குறித்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அ. கபார் அகமது முதலியோர் 2010இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டுள்ளனர். வீட்டுக்குள்ளேயே ஈரத்தைப் பெருக்கிய உழவாரக்குருவி வளர்ப்பு இன்னொரு கேடு. மரபுப் பகுதியிலிருந்து அதனை 2013 இறுதிக்குள் அகற்ற மாநில அரசு கெடு விதித்தது.

தரைக்கடிக் குழாய்களில் வெந்நீருக்கு மாறாகக் குளிர்நீரை ஓடவிட்டால் என்ன என்னும் ஐயம் எழலாம். 2006இல் திறக்கப்பட்ட பாங்காக் சுவர்ணபூமி வானூர்தி நிலையத்தின் தரை அவ்வாறு குளிர்விக்கப்படுகிறது; புத்ராஜெயாவில் 2010இல் நிறைவுற்ற எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடத்திலும் கான்கிரீட்டுத் தளங்களுள் குளிர்நீர்க் குழாய்கள் உள்ளன. ஆனால் பினாங்கின் காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 80 விழுக்காடு. தரையின் வெப்பநிலை 24 பாகைக்குக் கீழ் இறங்கினாலே அதன்மேல் பனி படியத் தொடங்கிவிடும். ஆகவே காற்றின் ஈரத்தை உலர்த்தும் கருவியும் அடைத்த கதவுகளும் இன்றி இம்முறை இயலாது. திறந்த முற்றமுள்ள கடைவீட்டில் அதனைப் பொருத்துவதற்கு முற்றத்தையே மூட வேண்டியிருக்கும்.

ஓடுகளை எண்ணிட்டு எடுத்து, கழிவுநீர்க் குழாய் முதலியவற்றை அடியில் சீரமைத்து, அதே ஓடுகளைச் சுண்ணாம்புப் படுகையில் திரும்பப் பாவுவதே கடைவீட்டுத் தளத்திற்கு ஏற்ற வழி. இதற்குக் காலமும் கூலியும் மிகுதி. ஊறவைத்த சுண்ணாம்பைக் கையாளத் தெரிந்த கொத்தனாரும் அரிது. இந்நிலையில் ஒரு வீட்டின் தளத்தைப் பெயர்க்கும் நாளிலேனும் அங்குச் சென்று ஓட்டின் அளவையும், சாந்தின் அடுக்கையும், அடியில் கிடக்கும் கிளிஞ்சல் துணுக்கையும் குறித்துவைப்பது நம் மாணவர்க்கு இயலும் பணியே. கான்கிரீட்டு இடுவதற்கு முன் அதற்குக் கிடைக்கும் கால இடைவெளி பெரும்பாலும் இரண்டொரு நாள்தான்.